காளியண்ணனின் பதினேழு நிழல்கள்

விபவ வருஷம் தை மாதத்தில், ராசிபுரம் சந்தையில் மல்லி விலை இறங்கிய அதே வாரம், ஊஞ்சக்காட்டுக் கொத்துக்காரர் காளியண்ணனுக்கு இரண்டாவது நிழல் விழுந்தது. கொத்துக்காரர் என்றால் ஊரில் நல்லது கெட்டது எதுவானாலும் முன்னால் நிற்க வேண்டியவர். அப்பா காலமான முப்பதாம் நாள் காளியண்ணனுக்குத் தலைப்பாகை கட்டி அந்த இடத்தில் உட்கார வைத்தார்கள். அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு. உட்கார்ந்து ஒரு வாய் வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் வள்ளியாத்தாள் வந்து நின்றாள். புருஷன் இல்லாதவள், நான்கு எருமையும் ஒரு மாட்டுக்கொட்டாயும்தான் அவள் சொத்து. கொட்டாய்க் கூரை ஒழுகுகிறது, ஊர்ப்பொதுவில் ஓலை போட்டுத் தர வேண்டும் என்றாள். "ஆகட்டுமுங்க ஆத்தா" என்றார் காளியண்ணன். அந்த வார்த்தை வாயை விட்டு வெளியே வந்ததும் அவருடைய இடது குதிகாலிலிருந்து ஒரு நிழல் கழன்று, வள்ளியாத்தாளின் பின்னாலேயே போய், கொட்டாய்க் கூரைமேல் ஏறிப் படுத்துக்கொண்டது. கூரை ஒழுகுவது நிற்கவில்லை. ஆனால் அவள் அதற்கப்புறம் குறை சொன்னதும் இல்லை. கொத்துக்காரர் நிழலே வந்து கிடக்கும்போது ஓலை வராமலா போய்விடும் என்று எட்டு வருஷம் நனைந்துகொண்டே பால் கறந்தாள்.

ஊரில் யாரும் இதற்காக அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து பார்க்கவில்லை. அந்த மாதம்தான் பக்கத்து ஊரில் ஒரு எருமை இரண்டு தலையோடு கன்று போட்டிருந்தது. ஒரு மனிதனுக்கு இரண்டு நிழல் என்பது அதைவிடச் சின்ன சங்கதி. ஆனால் நிழல்கள் இரண்டோடு நிற்கவில்லை. காளியண்ணன் நல்ல மனுஷர், கெட்டிக்காரரும்கூட. எதிரே நிற்பவரின் முகம் வாடினால் மட்டும் அவருக்குத் தாங்காது. மற்றவர்களுக்கு இது ஒரு குறையே இல்லை, தலைவருக்கு இது ஒன்றே போதும். பள்ளிக்கூடத்துக்கு ஓடு மாற்ற வேண்டும் என்றார்கள், ஆகட்டும் என்றார். தேர்ச்சக்கரத்தில் பூச்சி விழுந்திருக்கிறது என்றார்கள், அதற்கும் ஆகட்டும். அவருடைய பங்காளி சின்னண்ணனுக்கும் பக்கத்துக் காட்டுக்காரருக்கும் வரப்புத் தகராறு வந்தபோது இருவரும் தனித்தனியே வந்து கேட்டார்கள். இருவருக்குமே ஆகட்டும் என்றார். வரப்பின் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு நிழல் படுத்து ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு கிடந்தன. செவ்வாய்ப்பேட்டையில் நிலக்கடலை எடை சம்பந்தமாக வந்து பேசித் தர வேண்டும் என்று கேட்டவர்களுக்காக ஒரு நிழல் சேலம் வரை நடந்தே போய், மூட்டைகளுக்கு நடுவே கடைத்தெருவில் கிடந்தது. பாரவண்டிகள் அதன்மேல் ஏறி இறங்கிய நாட்களில் காளியண்ணனுக்கு இங்கே முதுகு வலித்தது.

உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்திருந்த தங்கை பொன்னாயிக்கு பவ வருஷத்தில் ஆண் குழந்தை பிறந்தது. மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும் என்று அவள் பிள்ளை பெற்ற மறுநாளே கேட்டாள். இதையெல்லாம் கேட்கவே வேண்டியதில்லை, எந்தத் தாய்மாமனும் செய்வதுதான். இருந்தாலும் அவர் "ஆகட்டும் கண்ணு" என்று சொல்லிவிட்டதால், ஒரு நிழல் கழன்று தொட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டது. அது பதினேழாவது. அதற்குமேல் எண்ணுவதை அவருடைய மனைவி சாலம்மாள் நிறுத்திவிட்டாள், நல்லவேளையாக நிழல்களும் நின்றுகொண்டன.

உச்சிவெயிலில் எல்லோருடைய நிழலும் காலடிக்கு வந்துவிடும் அல்லவா, அந்தச் சட்டம் இந்த நிழல்களுக்கும் உண்டு. எங்கே கிடந்தாலும் பதினாறும் விழுந்தடித்து ஓடிவந்து அவருடைய சொந்த நிழலோடு சேர்ந்துகொள்ளும். அந்த நாழிகையில் மட்டும் அவருக்குத் தலை தெளியும். தான் யார், எதற்காக இந்தத் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டோம் என்பது துல்லியமாக நினைவுக்கு வரும். வெயில் கொஞ்சம் சாய்ந்ததும் பதினாறும் பிய்த்துக்கொண்டு பதினாறு திக்குக்குப் போகும். இவர் கையில் எடுத்த சோற்றை எதற்காக எடுத்தோம் என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சாலம்மாள் கைப்பிடித்து ஊட்டாத குறைதான்.

நினைவுக்கு வருவது எப்போதும் ஒன்றுதான். இருபது வயதில் விலைக்கு மாடு பிடிக்கப் பனமரத்துப்பட்டிக்குப் போனவர் அங்கே ஏரியைப் பார்த்தார். கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர், அதில் அலை வேறு அடித்தது. மாட்டை மறந்து அரை நாள் கரையிலேயே நின்றார். ஊஞ்சக்காட்டிலும் ஏரி இருந்தது. கரை இருந்தது, மதகு இருந்தது, தண்ணீர் மட்டும் இல்லை. உள்ளே ஆடு மேய்ந்தது. வடகிழக்கே மூன்று மைலில் போதமலை அடிவாரத்துக் கல்லோடையோ வருஷத்தில் நான்கு மாதம் ஓடி, யாருக்கும் பிரயோசனமில்லாமல் முள்ளுக்காட்டில் போய்ச் செத்தது. ஓடையிலிருந்து ஏரிக்கு ஒரு வாய்க்கால் வெட்டிவிட்டால் ஊர் பிழைத்துக்கொள்ளும். அந்த ஒரு காரியத்துக்காகத்தான் அவர் தலைப்பாகைக்குத் தலையைக் கொடுத்தார்.

வெட்டவும் செய்தார்கள். பிரமோதூத வருஷத்தில் வீட்டுக்கு ஓர் ஆள் என்று ஆரம்பித்து நான்கு வருஷம் வேலை நடந்தது. ஆனால் வாய்க்கால் வெட்டுவதிலும் கொத்துக்காரர் கொத்துக்காரர்தானே. என் களத்துமேட்டை விட்டுவிடுங்கள் என்று மாமன் முறைக்காரர் ஒருவர் கேட்டார். ஆகட்டும் என்று வளைத்தார்கள். மாமனுக்கு வளைத்தவர்கள் மச்சானுக்கு வளைக்கக்கூடாதா என்று மச்சான் வீட்டுப் பெண்களே வந்து கேட்டார்கள். பாம்புப் புற்றுக்கு ஒரு வளைவு, புதிதாகக் கல்யாணமானவரின் புளியமரத்துக்கு ஒரு வளைவு. உறவு முறைக்குள் வெட்டுகிற வாய்க்காலில் நேர்க்கோடு என்பது மரியாதைக் குறைவு என்று அந்த ஊரில் எல்லோருமே மனப்பூர்வமாக நம்பினார்கள். மூன்று மைல் வாய்க்கால் ஒன்பது வளைவோடு ஐந்து மைலானது. ஒன்பதாவது வளைவு யாருக்காகப் போட்டது என்பதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அது காளியண்ணனின் அப்பா நட்ட பதினொரு தென்னைகளைச் சுற்றிப் போனது.

பவ வருஷம் கார்த்திகையில் மேளம் கொட்டி ஓடையைத் திறந்துவிட்டார்கள். தண்ணீர் எட்டு வளைவு வரை வந்தது. ஒன்பதாவதில் நின்றது. இரண்டு நாள் அங்கேயே நின்றுவிட்டு மண்ணுக்குள் போய்விட்டது. மண்வேலைக்காரர்களின் மேஸ்திரி சென்றாயன் பனைத்துண்டைக் குடைந்த பனந்தோணி ஒன்றில் தண்ணீர் ஊற்றி வைத்து மட்டம் பார்த்தார். குனிந்தும் நிமிர்ந்தும் நெடுநேரம் பார்த்துவிட்டு, கொத்துக்காரரின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"தண்ணிக்கு நடக்கத் தெரியாதுங்க, எறங்கத்தான் தெரியும். மலைக்கும் ஏரிக்கும் இருந்த எறக்கமே கொஞ்சூண்டு. ஒவ்வொரு வளைவும் அதுல ஒரு வாய் தின்னுபோடுச்சுங்க."

காளியண்ணன் தலையாட்டினார். பிறகு அங்கேயே நின்றுகொண்டு, யாரோ வண்டிப்பாதைக்குப் பாலம் கேட்டதற்குப் பார்க்கலாம் என்றார். வாழ்நாளில் அவர் ஆகட்டும் என்று சொல்லாமல் பார்க்கலாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு அவ்வளவு மனம் விட்டுப் போயிருந்தது.

யுவ வருஷப் பங்குனியில் புதுப் பஞ்சாங்கம் வந்தது. முன்பக்கத்தைப் பார்த்தவர்கள் மேற்கொண்டு புரட்டாமல் மூடி வைத்தார்கள். அடுத்த வருஷத்தின் பெயர் தாது. அறுபது வருஷத்துக்கு முந்திய தாது வருஷப் பஞ்சத்தில் ஊஞ்சக்காட்டில் பாதி வீடு பூண்டோடு போயிருந்தது. வருஷங்கள் அறுபது கழித்து அதே பெயரில் திரும்பி வருகின்றன. பெயர் வரும்போது பஞ்சம் மட்டும் வராமல் இருக்குமா என்று பேசிக்கொண்டார்கள். ஆடியில் மழை வரவில்லை, ஆவணியிலும் இல்லை. மலைமேல் மட்டும் மேகம் கட்டிப் பெய்தது; அந்தத் தண்ணீர் கல்லோடையில் இறங்கி முள்ளுக்காட்டில் போய்ச் செத்தது. புரட்டாசியில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக் கங்காணி ஒருவன் குடை பிடித்துக்கொண்டு வந்து ஏரிக்கரையில் உட்கார்ந்தான். தொண்ணூறு வீட்டில் நாற்பத்தொரு வீட்டுக்காரர்கள் அவனிடம் பெயர் கொடுத்தார்கள். முதல் பெயர் சின்னண்ணனுடையது. கடைசிப் பெயர் பொன்னாயி புருஷனுடையது.

காளியண்ணன் தங்கை வீட்டுக்குப் போனபோது அவள் தொட்டிலுக்கு அடியில் கிடந்த நிழலைப் பாய் சுருட்டுகிற மாதிரி சுருட்டி, துணி மூட்டைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். "உன்னையக் கூட்டிட்டுப் போக முடியாதல்லண்ணா, இதாச்சும் வரட்டும்" என்றாள். அழாமல்தான் சொன்னாள். அவர்தான் அழுதார். கடலுக்கு அப்பால் ஒரு நிழல் போய்விட்டால் உச்சிவெயிலுக்கு அது எப்படித் திரும்பி வரும் என்பதும் அவருக்கு உறைத்தது. நாற்பத்தொரு மூட்டைகளில் எட்டில் அவருடைய நிழல் இருந்தது. இவர்கள் போனால் ஊரும் பாதியாகிவிடும், தானும் பாதியாகிவிடுவோம் என்று தெரிந்தது. ஆனால் வெயில் சாய்ந்த நேரம்; என்ன செய்வது என்று மட்டும் தெரியவில்லை.

மறுநாள் உச்சிவேளையில், நிழலெல்லாம் காலடியில் சேர்ந்து அவருக்கு நினைவு தெளிந்த நேரம் பார்த்து, சாலம்மாள் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். பெரிதாகப் பேசுகிறவள் அல்ல அவள்.

"ஏனுங்க, மாரியாத்தா நோம்பிக்குக் காப்புக் கட்டுனா எழவு ஊட்டுக்குப் போவீங்களா?"

"அதெப்படிப் போறது? கட்டுனவன் போகக் கூடாதல்ல."

"கண்ணாலத்துக்கு?"

"அதுக்கும் இல்ல. கம்பம் புடுங்கற வரைக்கும் வேற ஒண்ணும் தொடக்கூடாது."

"வந்து கேக்கறவிய கோவிச்சுக்குவாங்களா?"

"காப்பப் பாத்தா யாரு புள்ள கேப்பாங்க?"

"அப்பறம் என்னத்துக்குங்க உக்காந்துட்டு இருக்கறீங்க?" என்று சொல்லிவிட்டு அவள் ரசம் எடுக்கப் போனாள்.

ரசம் வருவதற்குள் காளியண்ணன் எழுந்து கோயிலுக்குப் போயிருந்தார். அந்தப் பக்கத்தில் மாரியம்மன் நோன்பி நடப்பது இப்படித்தான். மூன்று கிளையாகப் பிரிந்த ஒரு மரக்கம்பத்தைக் கோயில் முன்னால் நடுவார்கள். மஞ்சள் கிழங்கு வைத்த காப்புக் கட்டுவார்கள். பதினைந்து நாள் பெண்கள் அந்தக் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள், அதுவரை ஊரில் இருப்பவர் எவரும் எல்லை தாண்டிப் போய்த் தங்கக் கூடாது. ஐப்பசி முதல் தேதி காலையில் காளியண்ணன் வலது மணிக்கட்டை நீட்டிக் காப்புக் கட்டிக்கொண்டார். கம்பத்தைக் கோயில் முன்னால் நடாமல், ஏரிக்குள் நட்டநடுவில், வெடித்துக் கிடந்த மண்ணில் நட்டார். பூசாரி முணுமுணுத்தார். கம்பத்துக்கு ஊற்றக் கிணற்றில் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேட்டார். "இந்த வருசம் யாரும் ஊத்த வேண்டாமுங்க, அதுவா வந்து ஊத்தட்டும்" என்றார் காளியண்ணன்.

சின்னண்ணனுக்குத்தான் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. இன்னும் ஒரு வாரத்தில் கிளம்ப வேண்டியவர்கள் அவர்கள். "போறவங்களக் கட்டிப் போடறதுக்காங்ணா இந்தக் காப்பு?" என்று ஏரிக்குள் இறங்கி வந்து கத்தினான்.

"கட்டித்தான் போடறன் தம்பி, பதினஞ்சு நாளைக்கு. நீங்க எல்லையத் தாண்ட வேண்டாம், நானும் வாய்க்காலத் தவிர வேறொண்ணும் தொடமாட்டன். பதினஞ்சாம் நாள் பொழுது உழுகறதுக்குள்ள தண்ணி வல்லீன்னா, கம்பத்தப் புடுங்கிப் போட்டுட்டு உம்பட மூட்டைய நானே தலைல வெச்சுச் சேலம் ரயிலடிக்குக் கொண்டாந்து உடறன்."

கங்காணி கப்பல் தேதி குறித்த நோட்டைப் புரட்டி, அதற்கப்புறமும் ஒரு கப்பல் இருக்கிறது என்றான். பதினைந்தாம் நாள் வண்டிகளோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

முதலில் வந்தவள் வள்ளியாத்தாள். கூரை விஷயத்தை அவள் ஆரம்பிக்கும்போதே காளியண்ணன் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார். "காப்புக் கட்டியிருக்கறனுங்க ஆத்தா. ஆகாதுங்க." சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார், அவள் முகம் வாடுவதைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. வள்ளியாத்தாளின் முகம் வாடவில்லை. "இத எட்டு வருசத்துக்கு மிந்தியே சொல்லியிருந்தா நானே ஓலை முடைஞ்சு போட்டிருப்பனே சாமி" என்றாள். போய் மூன்றே நாளில் போட்டும் முடித்தாள். அவர் ஆகாது என்று சொன்ன அன்று மாலையே அவளுடைய கூரையிலிருந்து நிழல் இறங்கி, கோழி இறகும் வைக்கோல் தூசியும் ஒட்டிக்கொண்டு வந்து காளியண்ணனின் குதிகாலில் சேர்ந்தது.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தன. பள்ளிக்கூடத்துக்காரர்களிடம் ஆகாது என்றார், ஓட்டின்மேல் கிடந்தது வந்தது. தேர்க்காரர்களிடம் சொன்னார், எண்ணெய் வாசத்தோடு ஒன்று வந்தது. கிளம்பவிருந்தவர்களின் மூட்டைகளில் கிடந்தவையும், அவரவரிடம் ஆகாது என்றதும், முடிச்சை நெகிழ்த்துக்கொண்டு வந்தன. சின்னண்ணனுக்கும் அவனுடைய எதிராளிக்கும் ஒரே நாளில் ஆகாது என்று சொல்லிவிட்டதில், வரப்பின் இரு பக்கத்து நிழல்களும் ஒன்றாகவே நடந்து வந்தன. வழியில் சமாதானமாகிவிட்டன போலிருக்கிறது. செவ்வாய்ப்பேட்டைக்காரர்களுக்குச் சொல்லியனுப்பிய நான்காம் நாள், அங்கே கிடந்தது வெல்லமும் மஞ்சளும் மணக்க, பெருவழி நெடுக மைல்கல்லுக்கு மைல்கல் உட்கார்ந்து எழுந்து, வந்து சேர்ந்தது. காளியண்ணனுக்கு முதுகுவலி போயிற்று. ஆகாது என்ற வார்த்தை முதல் நாள் கண்ணை மூடிக்கொண்டால்தான் வந்தது. ஐந்தாம் நாள் அது சாதாரண வார்த்தையாகிவிட்டது. அதைச் சொன்னதற்காக ஊரில் ஒருவரும் சாகவில்லை என்பது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

அவர் கம்பத்தை விட்டு நகரவில்லை. முன்பெல்லாம் வளைவுக்கு வளைவு ஓடி ஒவ்வொருவரிடமும் பேசிக்கொண்டிருந்த மனுஷர் இப்போது ஏரியின் நடுவில் ஒரே இடத்தில் நின்றார். மாலையில் ஐப்பசிச் சூரியன் தென்மேற்கே சாய்ந்து இறங்கும்போது அவருடைய நிழல் வடகிழக்கே விழுந்தது. திரும்பி வந்த நிழல்கள் ஒன்றின் நுனியில் ஒன்றாக ஒட்டிக்கொள்ள, அது நீண்டுகொண்டே போனது. முதல் மாலை கரையைத் தாண்டியது. நான்காம் மாலை பாதி மைல் போனது. அது வளையவில்லை. களத்துமேடு, புளியமரம், புற்று எதையும் பார்க்காமல் போதமலை ஓடையைக் குறிவைத்து, பிடித்துக் கட்டிய கயிறாக விழுந்து கிடந்தது. சென்றாயன் பனந்தோணியை எடுத்துக்கொண்டு அந்த நிழலின்மேலேயே நடந்து மட்டம் பார்த்தார். பார்த்தவர் தலைத்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். இறக்கம் அப்படியே முழுசாக இருந்தது.

அதற்கப்புறம் வேலை ஒரு ஒழுங்குக்கு வந்தது. மாலையில் நிழல் விழுந்த இடத்தில் பெண்கள் சாம்பல் தூவிக் கோடு போடுவார்கள்; மறுநாள் பகலில் கோட்டின்படி வெட்டுவார்கள். கோடு முதலில் போய் மோதியது காளியண்ணனின் தென்னைகளில்தான். பதினொன்றில் நான்கு அதன்மேல் நின்றன. சென்றாயன் கோடரியோடு தயங்கி நின்றார். காளியண்ணன் ஏரிக்குள்ளிருந்தே உரக்க, "வெட்டுங்க மேஸ்திரி, எங்கப்பன் வந்து கேட்டா நான் பேசிக்கறன்" என்றார். நான்கும் விழுந்த சத்தம் ஊருக்கே கேட்டது. அந்தச் சத்தத்துக்குப் பிறகு, களத்துமேட்டுக்காரர் தானே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்து தன் களத்தைப் பிளந்தார். புளியமரத்துக்காரருக்கு மட்டும் சாலம்மாள் போய்ச் சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது. புற்றைத் தோண்டப் பயந்தார்கள். பால் வைத்துக் கும்பிட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். காலையில் போய்ப் பார்த்தபோது புற்று இருபது முழம் தள்ளிப் போய் உட்கார்ந்திருந்தது.

பதின்மூன்றாம் நாள் மாலை, பதினாறு நிழலும் சேர்ந்து நீண்டும், கோடு ஓடைக்குக் கால் மைல் இந்தப்பக்கமே நின்றுவிட்டது. அந்தக் கால் மைல் மேடும் பாறையுமான இடம்; பழைய வாய்க்கால் அதைச் சுற்றிப் போய்த்தான் இறக்கத்தைத் தொலைத்திருந்தது. குறி இல்லாமல் குருட்டாம்போக்கில் வெட்டினால் பத்து நாள் ஆகும் என்றார் சென்றாயன். போகிற கட்சிக்காரர்கள் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுவரை அவர்கள் ஒரு கூடை மண்கூட அள்ளவில்லை. குறைகிற நிழல் எது என்று காளியண்ணனுக்குத் தெரியும்.

பதினான்காம் நாள் பிற்பகலில் பொன்னாயி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, ஏரிக்குள் இறங்கி அண்ணனிடம் வந்தாள். நாளை வண்டி வந்துவிடும். போவதற்குள் பிள்ளைக்குக் காது குத்தியாக வேண்டும். ஆசாரி வீட்டில் வந்து காத்திருக்கிறார், அரை நாழிகை வந்து மடியில் வைத்துக்கொண்டால் போதும், அப்புறம் இந்தப் பிள்ளை மாமனை எங்கே பார்க்கப் போகிறது என்றாள். மணிக்கட்டைத் தூக்கிக் காட்டக் காளியண்ணனுக்குக் கை வரவில்லை. "காப்புக் கட்டியிருக்கறன் பொன்னாயி" என்று மட்டும் சொன்னார்.

"மாரியாத்தா கட்டுனதா? நீயாக் கட்டுனதுதானண்ணா?"

"நானாக் கட்டுனதுனாலதான் கண்ணு அவுக்க முடியல."

தாய்மாமன் வர மாட்டேன் என்று சொல்வது அந்தப் பக்கத்தில் கொலைக்கு அடுத்த குற்றம். பல குடும்பங்கள் மூன்று தலைமுறையாக அதற்காகப் பேசாமல் இருக்கின்றன. பொன்னாயியின் முகம் வாடியது. இந்த முறை காளியண்ணன் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. வாடுவதை முழுக்கப் பார்த்தார், பார்த்துக்கொண்டே நின்றார். பொன்னாயி தலைமூட்டையைக் கீழே போட்டு, அவிழ்த்து, சுருட்டி வைத்திருந்த நிழலை உருவி அவர் காலடியில் வீசினாள். "அப்ப இதையும் நீயே வெச்சுக்க" என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். நிழல் மெல்லப் பிரிந்தது. குழந்தையின் பால் வாசத்தோடு ஊர்ந்து போய் குதிகாலில் சேர்ந்தது. அழுதுகொண்டிருந்தவள்தான் முதலில் பார்த்தாள். சூரியன் இறங்க இறங்க அண்ணனின் நிழல் கரையைத் தாண்டி, தென்னைகளைத் தாண்டி, சாம்பல் கோட்டின் முடிவையும் தாண்டி, மேட்டின்மேல் ஏறி, ஓடைக்குள் தலையை வைத்துப் படுத்தது. கரையில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

மறுநாள் விடியும்போது சின்னண்ணன் கடப்பாரையோடு மேட்டில் நின்றான். அவன் பின்னால் நாற்பத்தொரு வீட்டு ஆண்களும் பெண்களும் நின்றார்கள். கால் மைலை முந்நூறு பேர் சேர்ந்து வெட்டினால் எவ்வளவு நேரம் ஆகும் என்பதைச் சென்றாயன் பிற்பாடு பல ஊர்களில் சொல்லியிருக்கிறார், எங்கும் யாரும் நம்பவில்லை. வெயில் நன்றாகச் சாய்ந்த பிறகு ஓடையைத் திறந்துவிட்டார்கள். கங்காணியும் அந்த நேரத்துக்குத்தான் ஏழு வண்டிகளோடு வந்து ஏரிக்கரையில் நிறுத்தினான்.

வாய்க்கால் நெடுக நிழல் கன்னங்கரேலென்று விழுந்து கிடந்ததால் தண்ணீர் வருகிறதா இல்லையா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. சூரியன் பனைமரங்களின் தலைக்கு இறங்கிவிட்டது. கங்காணி குடையை மடக்கினான். அப்போது கம்பத்தடியில் நின்ற காளியண்ணன் சிலிர்த்துக்கொண்டார். மூன்று மைலுக்கு அப்பால், அவருடைய நிழலின் உச்சந்தலையில் சில்லென்று நனைந்தது.

"மேட்டத் தாண்டிருச்சு" என்றார். எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள். நெற்றி, கழுத்து, நெஞ்சு என்று குளிர் இறங்கியது. "புளியமரத்துக்கு வந்துருச்சு." பொன்னாயி பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "களத்துமேட்டத் தாண்டுது. எறங்குது, எறங்குது." தென்னைகள் வரும் இடத்தில் காளியண்ணன் மூச்சை நிறுத்திக்கொண்டார். ஊரும் நிறுத்திக்கொண்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் தண்ணீர் செத்த இடம் அது. அவருடைய முழங்காலில் குளிர்ந்தது. "ஒம்பதாவதும் போச்சுடா!" என்று அவர் போட்ட சத்தத்தில் கங்காணியின் வண்டி மாடுகள் மிரண்டு நுகத்தை உதறின. அடுத்த நிமிஷம் கரையின் வாய் வழியாக, நுரையும் சருகும் மலைமண் வாசமுமாக, தண்ணீர் ஏரிக்குள் பாய்ந்து வந்து, முதலில் காளியண்ணனின் கால்களை நனைத்து, அப்புறம் கம்பத்தைச் சுற்றிக்கொண்டது. பூசாரி குலவையிடச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. சின்னண்ணன் ஓடிவந்து அண்ணனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு தண்ணீருக்குள் ஆடினான். காளியண்ணன் சிரித்தார், அழுதார், இரண்டையும் மறைக்கவில்லை.

கங்காணி பெயர்ப் பட்டியலை மடித்து மடியில் செருகிக்கொண்டான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு அவனும் இறங்கிக் கால் நனைத்தான். ஏழு வண்டிகளும் காலியாகவே திரும்பின. தாது வருஷம் தன் பாட்டுக்கு மீதி மாதங்களை முடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தது. தையில் ஏரிக்குக் கீழே நானூறு ஏக்கர் நெல் நின்றது. அந்த மாதமே பொன்னாயியின் பிள்ளைக்கு வாய்க்கால் கரையில் காது குத்தினார்கள். மாமன் காலையிலிருந்து வேறு எங்கும் போகாமல் அதற்காகவே வந்து உட்கார்ந்திருந்தார். பிள்ளை அவர் மடியில் இருந்தபடி ஊரையே கூட்டி அழுதது. பொன்னாயி அவருக்கு இரண்டு தடவை பாயசம் ஊற்றினாள்.

பள்ளிக்கூட ஓடு, தேர்ச்சக்கரம், வண்டிப்பாலம் எல்லாம் பின்வந்த வருஷங்களில் ஒவ்வொன்றாக நடந்தன. ஒன்றை முடிக்காமல் அடுத்ததைத் தொடுவதில்லை என்பதால் கேட்பவர்கள் முறைவைத்துக் காத்திருக்கப் பழகினார்கள். நிழல்கள் மறுபடி பிரியவில்லை. நீளமும் குறையவில்லை. வெகுதானிய வருஷத்தில் அளவெடுக்க வந்த சர்வேக்காரர், இவ்வளவு நேராக வாய்க்காலுக்குக் கோடு போட்டது யார் என்று கேட்டார். மாலை வரை இருங்கள், காட்டுகிறோம் என்றார்கள். பார்த்துவிட்டு அவர் தன் நோட்டில் ஏதோ எழுதி, அப்புறம் அடித்துவிட்டு, மூன்று மைல் என்று மட்டும் எழுதிக்கொண்டார். காளியண்ணன் மாலையில் ஏரிக்கரையில் வந்து நின்றால் வாய்க்கால் ஓடை வரைக்கும் கறுத்துக் குளிர்ந்துவிடும்; வயலில் இருப்பவர்கள் நேரமாயிற்று என்று மடையை மாற்றிவிடுவார்கள். ஊருக்குப் புதிதாக வாக்கப்பட்டு வரும் பெண்கள் முதல் வாரம் மட்டும் அண்ணாந்து மேகத்தைத் தேடுவார்கள். அடுத்த வாரம் அவர்களும் அந்த நிழலில் உட்கார்ந்து துணி துவைக்க ஆரம்பித்துவிடுவார்கள்.